இரண்டு விரல் தள்ளி ஒரு ஓட்டை

சின்னத்துரையின் காருக்கு பானட் பின் போட்ட நாளிலிருந்து மாமா அத்தையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார். நான் அத்தையிடம் சொல்வேன். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம்.

எழுபதுகளின் கடைசி. அப்பா அம்மா இருந்த தோட்டத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாததால், பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த மாமாவின் வீட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், என்னை விட்டிருந்தார்கள். லோரி கெட்டால் பட்டறையில் ரிப்பேர் பார்ப்பவரும் அவரேதான். எனக்கோ கார் பைத்தியம். பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று லயத்தில் கேட்காதவர்கள் இல்லை. மாமா மட்டும் கேட்டதில்லை. சொன்ன அளவு ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க ஆள் கிடைத்ததே என்று விட்டுவிட்டார்.

சின்னத்துரை என்பவர் உதவி மேனேஜர். கோலாலம்பூரில் வளர்ந்து, தோட்டத்துக்கு வந்து தமிழ் பழகிக்கொண்டவர். தன்னுடைய பழைய இரண்டு கதவுக் காரை மலைப்பாதைப் பந்தயத்துக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். ஆசை அவருடையது, ஞாயிற்றுக்கிழமைகள் மாமாவுடையவை. இஞ்சினை இறக்கிப் பிரித்துப் பூட்டியதும், இரட்டைக் கார்புரேட்டர் மாட்டியதும் மாமாதான். கூலி என்று எதுவும் பேசவில்லை. பதிலுக்கு ஒரு வாக்கு இருந்தது: பந்தயத்தன்று பக்கத்து சீட்டில் மாமா உட்கார்ந்து, அடுத்த வளைவு எப்படி வரும் என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்த ரோட்டில் லோரி ஓட்டியே தலை நரைத்தவருக்கு அதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது. கொழுந்து நிறுக்கிற இடத்தில், கோயிலில், தண்ணீர்க் குழாயடியில் என்று அத்தை ஒரு இடம் விடாமல் சொல்லியிருந்தாள்.

பானட் பின்தான் கடைசி வேலை. வேகத்தில் காற்று புகுந்து இஞ்சின் மூடியான பானட் எழும்பிக் கண்ணாடியில் அறைந்தால் முன்னால் ஒன்றும் தெரியாது. அதனால் காரோடு வந்த கொக்கியைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து பின் போட்டுப் பூட்ட வேண்டும் என்பது பந்தய விதி. பிரிஞ்சாங் சாமான் கடையின் சீன முதலாளி, தவுக்கே, மூன்று வகை எடுத்துப் போட்டார். சாவியால் திறக்கும் வழவழப்பான ஒன்று. இழுத்து மாட்டும் ரப்பர் வார். இன்னொன்று தலையில் துளையுள்ள ஒரு தடித்த கம்பி. அந்தத் துளையில் கொண்டை ஊசி மாதிரி ஒரு கிளிப்பைக் குறுக்கே சொருக வேண்டும். மாமாவின் கை சாவிக்குப் போனது. துரைமாருக்கு வழவழப்புதான் பிடிக்கும்.

"தீ புடிச்சா சாவிய எங்க மாமா தேடுறது? வெறுங்கையால தொறக்கணும்னு அந்தத் தாள்ல போட்டிருக்கு" என்றேன். ஆங்கிலத்தில் இருந்த விதிகளை அவருக்குப் படித்துச் சொன்னதே நான்தான்.

"கேட்டுக்க தவுக்கே, இஞ்சினியரம்மா சொல்லிட்டாங்க. அந்தக் கொண்டை ஊசியவே குடுலா. எனக்கும் அதான் நல்லது. சீட்டுல உக்காந்தவாக்குலயே மாட்டிருக்கா இல்லையான்னு பாத்துக்கலாம்."

எந்த சீட்டைச் சொல்கிறார் என்று தவுக்கேவுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

ரேடியேட்டருக்கு மேலே உள்ள சட்டத்தில் இரண்டு பக்கமும் கம்பிகளை நிமிர்த்தி மாமா முறுக்கினார். இடப்பக்கம் பேட்டரி இடித்ததால் அந்தக் கம்பி மட்டும் இரண்டு விரல் உள்ளே தள்ளி நின்றது. பானட்டில் துளை எங்கே விழ வேண்டும் என்று தெரிய வேண்டுமே. அத்தையின் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துக் கம்பி நுனிகளில் தடவி, பானட்டை மெல்ல இறக்கித் தூக்கினார். அடிப்பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். அடியிலிருந்து துளைத்தால் மேலே பெயிண்ட் உரியும். ஆகவே அளந்து அந்த இடங்களை மேல்பக்கத்துக்கு மாற்றினார். கறுப்புப் பெயிண்டில் பென்சில் தெரியாது என்று அங்கேயும் குங்குமத்தாலேயே தொட்டு வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் காற்றாடி நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. மாமா ஓட, ஸ்பேனர் பையோடு நானும் ஓடினேன். நாங்கள் இல்லாதபோது அத்தை சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்கு வந்திருக்கிறாள்.

பிரித்துப் பூட்டிய வண்டியை நெற்றியில் பொட்டு வைக்காமல் ரோட்டில் இறக்கும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் இல்லை. லோரிக்கும் அப்படித்தான், துரை காருக்கும் அப்படித்தான்.

நாங்கள் திரும்பியபோது பனி இறங்கி வெளிச்சம் மங்கிவிட்டது. சாயங்காலம் சின்னத்துரை வருவார் என்ற அவசரம் வேறு. மாமா புள்ளி தெரிந்த இடத்தில் துளைத்தார். பானட்டை இறக்கினார். வலது கம்பி அழகாகத் தலை நீட்டியது. இடப்பக்கம் 'டொக்' என்று இடித்து நின்றது.

தூக்கை எடுத்துப்போக வந்த அத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு பொட்டு கோணலா இருந்துச்சுங்க. நாந்தான் அதத் தொடச்சிட்டு மத்ததுக்கு எதுக்கெதுரா வச்சேன்."

மாமா சிரிக்கத்தான் செய்தார். "காருக்குப் பொட்டு வச்சியாடி, எனக்கு வச்சியா? போ, போ. அகலமா ஒரு தகடு வெட்டிப் போட்டா ரெண்டு ஓட்டையும் அதுக்குள்ள அடங்கிரும்."

அவர் தகடு தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு புதுக் காரில் சின்னத்துரை வந்து இறங்கினார். ஓட்டிவந்தவர் மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் இருக்கும் நண்பராம். நண்பரின் கையில் சிவப்புக் கோடு போட்ட வெள்ளை ஹெல்மெட்.

சின்னத்துரை ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை.

"என்ன டிரைவர் இது. நிக்கிற கார்லயே தப்பு பண்றீங்க. ஓடுற கார்ல வளைவத் தப்பா சொன்னா என் கதி என்ன?"

"பொம்பள தெரியாம வச்ச பொட்டுங்க துரை. தகடு போட்டா..."

"தகடு போடுங்க. ஆனா பக்கத்துல இவர் உக்காரட்டும். உங்களுக்கும் வயசாச்சுலா."

"சரிங்க துரை" என்றார் மாமா. அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் அரம் தேய்க்கும் சத்தம்தான். தகடு வெட்டி, சரியான இடத்தில் துளைத்து, விளிம்பை ராவிப் பெயிண்ட் தொட்டு, கிளிப்பைக் கம்பிக் கயிற்றில் கட்டி, இருட்டுவதற்குள் முடித்துக் கொடுத்தார். துரையின் நண்பருக்குக் கிளிப்பை எப்படிச் சொருகுவது என்றும் காட்டிக் கொடுத்தார்.

பந்தயத்தன்று லயமே ரோட்டோரம் நின்றது. பக்கத்து சீட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தார்கள். அத்தை வெளியே வரவில்லை. பின் இரண்டும் அசையவே இல்லை என்று நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா முகம் கழுவப் போய்விட்டார்.

எனக்கும் அத்தை மேல்தான் ஆத்திரம். அவள் தலை வாரிவிட வந்தால் தட்டிவிடுவேன். அவளும் அது தனக்கு வேண்டியதுதான் என்பதுபோல் சீப்பை வைத்துவிட்டுப் போவாள். கடைசிவரை அந்தப் பொட்டுதான் புருஷனின் சீட்டைப் பறித்தது என்று நம்பியே செத்தாள்.

சின்னத்துரை ஓட்டைக்குள் விரலை விட்டபோது நான் அந்த ஹெல்மெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டுப் பார்க்கத் தருவாரா என்பதுதான் என் கவலை. ஈப்போவிலிருந்து எங்கள் மலைக்கு ஏறிவர அரை நாள் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த மனிதர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து புறப்பட்ட நேரத்தில் பானட்டில் எந்த ஓட்டையும் விழுந்திருக்கவில்லை என்பதை மட்டும் யோசிக்கத் தெரியவில்லை.