நாய் இல்லாத போர்க்களம்

சில வாரங்களாக உங்கள் சிறுவர் இதழின் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டிருந்தீர்கள். "மாமாவுக்குக் காய்ச்சலா?" என்று ஒரு கண்ணு. "எழுத விஷயம் தீர்ந்துபோச்சா?" என்று இன்னொரு வாலு.

காய்ச்சல் இல்லை. விஷயமும் தீரவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை... அவ்வளவுதான். இன்று எப்படியாவது எழுதிவிடுகிறேன். படிக்கக் கொஞ்சம் பயமாக இருக்கும். இருக்கட்டும். பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படுவது நல்லது.

எல்லாம் ஒரு லேப்டாப் சண்டையில்தான் ஆரம்பித்தது.

என் அக்கா மகன் நாமக்கல்லில் காலேஜ் படிக்கிறான். புது லேப்டாப் வாங்கியதும் பழையதை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். கூடவே ஒரு பென்டிரைவ். அதில் இரண்டு கேம். இரண்டுமே பட்டாளத்துச் சண்டைதான். ஆனால் அந்த லேப்டாப் கிழடு. ஒரு கேமுக்குத்தான் அதில் இடம் இருக்கிறது. எதை ஏற்றுவது?

என் மகள் மலர் ஏழாவது படிக்கிறாள். அவளுக்கு ஒன்று வேண்டும். நாலாவது படிக்கும் மகன் சரவணனுக்கு மற்றது வேண்டும். விடுவார்களா?

"அக்காளோட கேம்ல சுடவே மாட்டாங்கப்பா. நடப்பாங்க. நடந்துட்டே இருப்பாங்க. அதுக்கு நம்மூட்டு ஆட்ட ஓட்டிட்டுப் போலாம்."

"உன்ற கேம்ல மட்டும் என்னவாம்? ஒடம்பு பூரா குண்டு வாங்கிட்டு, செவுத்தோரம் நின்னு மூச்சு வாங்குனா சரியாயிருமாம். வெடிகுண்டு வந்து வுழுந்தா எட்டி ஒதைப்பானாம். பொய்யி!"

"பொய்யா இருந்தாத்தான அது கேமு!"

சமையல்கட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, ரெண்டையும் அழிச்சுப்போட்டு, மொளகு காயப்போட வரச் சொல்லுங்க."

தீர்ப்பு என்னிடம் வந்தது. நான் பத்தாவதோடு நின்றவன். கம்ப்யூட்டர் கேமுக்கு நீதிபதியாவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

சரவணனுடைய கேமில் ஒரு ஆள் மாடியிலிருந்து குதிக்கிறான், ஓடுகிறான், சுடுகிறான், சாகிறான். மூச்சு விடுவதற்குள் மறுபடி எழுந்து வருகிறான். எனக்குத் தலை சுற்றியது.

மலருடைய கேம் அப்படி இல்லை. முதுகில் மூட்டை. மேடு ஏறினால் இரைக்கிறது. காற்று அடித்தால் குண்டு விலகிப் போகிறது. ஒரே ஒரு குண்டு பட்டால் போதும், ஆட்டம் முடிந்தது. மண்ணில் கண்ணிவெடி புதைத்திருப்பார்கள். மண் நிறம் மாறியிருப்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு குப்புறப் படுத்து, மெல்ல நகர்ந்து, கத்தி முனையால் மண்ணை நோண்டி, ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். திரையில் ஒரு கோடு மெதுவாக நிரம்பும். நிரம்பினால் வெடி செயலிழந்துவிடும். நடுவில் கை எடுத்தால்... டமார்!

மலர் ஒரு தடவைகூடத் தப்புச் செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இமை கொட்டாமல் செய்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"நெசமா இருக்கறதுதான் நல்லது. அக்காளோடதே இருக்கட்டும்" என்றேன்.

"அப்பா எப்பவுமே அக்கா கட்சிதான்" என்று சரவணன் எழுந்து போய்விட்டான்.

யார்தான் வேறு மாதிரி தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள்? பொய்யா, நிஜமா என்று கேட்டால் எந்த அப்பா பொய்யைத் தேர்ந்தெடுப்பான்?

இப்போது நாங்கள் குடியிருக்கும் மலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரவள்ளியில் கிழங்கு இறங்கும் காலத்தில் காட்டுப்பன்றி வரும். வந்தால் ஒரு குடும்பத்தின் வருஷத்துச் சாப்பாட்டை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும். அதற்காகச் சிலர் திருட்டுத்தனமாக அவுட்டுக்காய் வைப்பார்கள். பன்றி ஆசைப்பட்டு வாயில் கவ்வும்படி, கருவாட்டு வாசத்தோடு உருட்டி வைக்கிற நாட்டுவெடி அது. வைப்பது குற்றம். பிடிபட்டால் ஜெயில்.

முன்பெல்லாம் வைத்தவர்கள் அந்த மரவள்ளிக் காட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் பச்சைத் தழையை ஒடித்துக் குறுக்கே போட்டுவிடுவார்கள். 'இந்த வழி வராதே' என்று அர்த்தம். ஆடு மேய்க்கிற பிள்ளைகூடத் தழையைப் பார்த்தால் திரும்பிவிடும். ஆனால் அந்த அர்த்தம் நாளடைவில் ஃபாரஸ்ட் கார்டுகளுக்கும் தெரிந்துபோனது. தழை கிடந்தால் நேராக அந்தக் காட்டுக்காரன் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். அதனால் என்ன ஆயிற்று? வெடி வைப்பதை யாரும் நிறுத்தவில்லை. தழை போடுவதைத்தான் நிறுத்தினார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. ஆட்டுக்குத் தழை ஒடிக்க மலரும் சரவணனும் போனார்கள். என் பங்காளி சின்ராசுவின் மரவள்ளிக் காட்டு வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம். நான் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சரவணன் மட்டும் ஓடிவந்தான். மூச்சு இரைத்தது.

"அப்பா... அக்கா... குண்டு... படுத்துட்டிருக்குது..."

"என்னடா சொல்ற?"

"செடியோரம் ஒரு உருண்டை கெடக்குது. நான் வா போலாம், அப்பாவக் கூப்புடலாம்னேன். நீ தூரப் போடா, எனக்கு எடுக்கத் தெரியும்னு படுத்துட்டா!"

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. என் பின்னால் சரவணன். அவன் பின்னால் எங்கள் நாய் மணி.

மலர் குப்புறப் படுத்திருந்தாள். முகத்துக்கும் அந்த உருண்டைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். கையில் தலையிலிருந்து எடுத்த ஹேர்பின். அதன் முனையால் உருண்டையைச் சுற்றியிருந்த மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பாளே, அதே முகம். அதே கடித்த பல்.

கத்தினால் திடுக்கிட்டுக் கையை உதறிவிடுவாள். கத்தாமல் எப்படி இருப்பது? குரலைத் தாழ்த்தி, "கண்ணு... அம்மா சோறு திங்கக் கூப்புடறா, வா சாமி" என்றேன்.

"இருங்கப்பா, முடிஞ்சுருச்சு."

"ஆறிப்போயிரும் கண்ணு. கையை எடுத்துட்டு மெல்ல வா."

என் குரலில் என்ன கேட்டதோ, திரும்பிப் பார்த்தாள். ஹேர்பினைக் கீழே வைத்தாள். படுத்தபடியே பின்னால் நகர்ந்தாள். வந்த தடத்திலேயே நகர்ந்தாள், அதுவும் அந்தக் கேமில் படித்ததுதான். பிறகு எழுந்து என்னைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தாள்.

அப்போதுதான் மணி எங்கள் காலுக்கு நடுவே புகுந்து ஓடியது. மலர் இடது பக்கமாகத் திரும்பி அதைப் பார்த்தாள். கருவாட்டு வாசம். நாய்க்கு வேறென்ன தெரியும்?

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. மணியைப் பற்றியும் எழுதப்போவதில்லை.

மலர் விழுந்து கிடந்தாள். இடது கன்னம் முழுக்க ரத்தமும் மண்ணும். கண் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. முதலில் ஓடிவந்தது சின்ராசுதான். அவன்தான் அவளைத் தூக்கினான். அவன் பிக்கப் வண்டியில்தான் மலை இறங்கினோம். வளைவு வளைவாக அவன் ஓட்டிய ஓட்டமும், வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்ததும் இன்னும் என் காதில் இருக்கிறது. "தழ போட்டிருக்கோணும்ணா... கார்டு கண்டுபுடிச்சிருவாருன்னு போடலீங்ண்ணா... போட்டிருக்கோணும்ணா..."

மலரின் தலை என் மடியில் இருந்தது. "சாமி, பேசு சாமி" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியை நெருங்கும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"ஏம்ப்பா எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறீங்க? சத்தமாப் பேசுங்கப்பா."

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கன்னத்திலிருந்து கல் சில்லு எடுத்தார்கள். ஒரு சில்லு கண்ணுக்கு நகக்கண் அளவு கீழே இருந்தது. கண் தப்பியது. வலது காது சில நாளில் திரும்பிவிட்டது. இடது காதைப் பற்றி டாக்டர் நிறையச் சொன்னார். கடைசியில், "பாக்கலாம்" என்றார். டாக்டர்கள் பாக்கலாம் என்று சொல்லும்போது நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

போலீஸ் வந்து கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் சின்ராசு முன்னால் வந்து, "நாந்தாங்க வெச்சது" என்றான். கேஸ் நடக்கிறது. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். அவன்மேல் எனக்கு ஆத்திரமா, பரிதாபமா? நாளுக்கொன்றாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் மலர் கேட்டாள்.

"நான் எல்லாம் சரியாத்தானப்பா செஞ்சேன்? தம்பியத் தூரப் போகச் சொல்லீட்டேன். சுத்தியும் பாத்துட்டுத்தான் படுத்தேன்."

"அது கண்ணிவெடி இல்ல சாமி. எங்க தொட்டா வெடிக்கும்னு வெச்சவனுக்கே தெரியாது." வலது காதுப் பக்கமாகக் குனிந்து மெதுவாகக் கேட்டேன். "உன்ற கேம்ல நாயி இருக்குதா கண்ணு?"

விரல் விட்டு எண்ணினாள்.

"இல்லீங்கப்பா. மழை இருக்குது. காத்து இருக்குது. தாகம்கூட இருக்குது. நாயி இல்ல."

"அப்பா சோறு திங்கக் கூப்புடறது?"

"அதும் இல்ல." அழ ஆரம்பித்தாள். மணிக்காக அன்றுதான் அழுதாள்.

கண்ணுகளா, நான் யோசித்துப் பார்த்தேன். சரவணனுடைய கேம் முழுப் பொய். முழுப் பொய் என்று அவனுக்கே தெரியும். அதனால்தான் அந்த உருண்டையைப் பார்த்ததும் எட்டி உதைக்காமல் அப்பாவைத் தேடி ஓடிவந்தான். மலருடையது முக்கால்வாசி நிஜம். மழையும் காற்றும் சரியாக இருந்ததால் மீதிக் கால்வாசியையும் நம்பிவிட்டாள். நானும் நம்பினேனே! முழுப் பொய்யில் யாரும் ஏமாறுவதில்லை. நம்மைக் கவிழ்ப்பதெல்லாம் இந்த முக்கால் நிஜம்தான்.

எந்தக் கேம் நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நீதிபதி வேலையை விட்டுவிட்டேன். உங்களுக்குப் பிடித்ததை விளையாடுங்கள். காட்டிலோ வரப்பிலோ தெரியாத உருண்டையையோ பொட்டலத்தையோ பார்த்தால் மட்டும் தொடாதீர்கள். குச்சியால்கூடத் தொடாதீர்கள். நாய் கூட வந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். வந்த வழியே திரும்பிப் போய், முதலில் கண்ணில் படுகிற பெரியவரிடம் சொல்லுங்கள். பயந்தாங்கொள்ளி என்று யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் ஒரு பயந்தாங்கொள்ளி ஓடிவந்ததால்தான் என் மகளுக்கு இரண்டு கையும் இருக்கிறது.

மலர் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். கன்னத்துக் காயம் ஆறிவருகிறது. அந்த லேப்டாப்பை இதுவரை யாரும் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

அக்காளும் தம்பியும் பழையபடி சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம்... திட்டுவதென்றாலும் சரவணன் இப்போது அவளுக்கு வலது பக்கம் போய் நின்றுகொண்டுதான் திட்டுகிறான்.