சாவிக்கு வைத்த சந்தனம்

லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகியும் எங்கள் காரை நான் தனியாக ஓட்டியதில்லை. பக்கத்து இருக்கையில் என் வீட்டுக்காரர் இருப்பார். அவர் பக்கம் பிரேக்கே கிடையாது, ஆனாலும் காலால் தரையை மிதித்துக்கொண்டே வருவார். பெங்களூரில் எங்கள் ஜீவனஹள்ளியிலிருந்து காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

மர்பி டவுனில் இருந்த என் அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். நானே போனில் சொல்லித் தொலைத்திருந்தேன்.

"மிக்ஸி மூடியப் பிடிக்கத் தெரியாதவ கார் ஓட்டறாளாம்" என்று சிரித்தாள்.

என்றைக்கோ ஒருநாள் என் மிக்ஸி மூடி பறந்து, தேங்காய்ச் சட்னி சீலிங்கில் போய் அப்பிவிட்டது. பத்து வருஷமாக அதைச் சொல்லியே என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"விஜயதசமி அன்னிக்கு காலைல பத்து மணிக்கு உன் வாசல்ல வண்டியோட நிக்கறேன். தனியா வரேன். அல்சூர் கோயிலுக்குப் போறோம், ரெடியா இரு" என்றேன்.

"வந்தா பாக்கலாம்" என்றாள். போகாவிட்டால் மிக்ஸியோடு காரும் சேர்ந்துகொள்ளும். பிறகு ஆயுசுக்கும் தப்பிக்க முடியாது.

அந்தக் கார் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. பழைய சொந்தக்காரர் அதில் அலாரம் வைத்திருந்தார். சாவிக்கொத்தில் தொங்கும் கறுப்பு ரிமோட்டை அமுக்கினால் 'கீக் கீக்' என்று கூவிப் பூட்டிக்கொள்ளும். விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, ரிமோட்டால் பூட்டினேன். சாவியைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் கத்தரிக்கோல், சுத்தியல், அரிவாள்மனை வரிசையில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சாவிக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன், நாளைக்கு ஓட்டப்போவது நானாயிற்றே. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்பார்கள். நானும் எடுக்கவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சாவியோடு காரிடம் போய், ரிமோட்டில் இருந்த பொட்டைத் துடைத்துவிட்டுப் பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை. இன்னும் கிட்டே போய் அமுக்கினேன். ம்ஹூம். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். அவ்வளவுதான், அலாரம் வீறிட்டது. தெருவே வெளியே வந்தது. ரிமோட் வேலை செய்யாமல் இன்ஜினும் கிளம்பாது.

அலாரம் கத்தி ஓய்ந்த பிறகு வீட்டுக்காரர் பேப்பரோடு எட்டிப் பார்த்தார். "பேட்டரி போயிருக்கும். லீவு நாள்ல கடை ஏது? நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் வெயிலில் வைக்கச் சொன்னார். இன்னொருவர் கன்னத்தில் வைத்துக்கொண்டு அமுக்கச் சொன்னார். நான் அதையும் செய்தேன். என் முறைப்பு தாங்காமல் வீட்டுக்காரரும் களத்தில் இறங்கினார். ரிமோட்டின் பின்மூடியை மட்டும் நெம்பித் திறந்து, உள்ளே இருந்த குட்டி செல்லை வெளியே எடுத்து, கடைவாய்ப் பல்லால் ஒரு கடி கடித்தார்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"டி.வி. ரிமோட்டுக்கு இதானே பண்றோம்?"

கார் ரிமோட் கடிக்கெல்லாம் மசியவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, பட்டுப்புடவையோடு தெருமுனை வாட்ச் கடைக்கு ஓடினேன். பாதி ஷட்டர் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனேன். கடைக்காரர் தன் மேஜைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் ஒற்றுமையாகப் பத்தேகால் காட்டின.

"இது வாட்ச் செல் இல்லம்மா, காலிங் பெல்லுக்குப் போடறது" என்று டிராயரில் துழாவிப் புதுசு ஒன்றை எடுத்துப் போட்டார். அமுக்கினார். ரிமோட்டில் விளக்கு எரியவில்லை. திருப்பிப் போட்டார். அப்போதும் எரியவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காருக்காக இல்லை, அக்கா சிரிக்கப்போகிற சிரிப்பை நினைத்து.

"ஸ்வல்ப இருங்கம்மா" என்று கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரிமோட்டை முழுசாகப் பிரித்தார். பட்டனுக்கு அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"சந்தனம். ஏம்மா, இதுக்கு உள்ளேயுமா பூஜை?"

நான் கடிகாரங்களைப் பார்த்தேன். அவர் ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, எல்லாவற்றையும் மூடி அமுக்கினார். சிவப்பு விளக்கு மின்னியது. பழைய செல்லையும் மீட்டரில் வைத்துப் பார்த்தார்.

"இதுவும் செத்துதான் இருக்கு. இது யாரு கடிச்சது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றேன். அதைச் சொல்ல மட்டும் எனக்குக் கூச்சமே இல்லை.

வீட்டு வாசலில் 'கீக் கீக்' என்று கார் திறந்துகொண்டதும், என்ன கோளாறு என்று வீட்டுக்காரர் கேட்டார். "பேட்டரிதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சந்தன விஷயம் இன்றுவரை அவருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

வழியில் ஒரு சிக்னலில் வண்டி நின்றுபோனது. பின்னால் ஆட்டோக்கள் ஹாரனால் திட்டின. பக்கத்து இருக்கையில் தரையை மிதிக்க ஆள் இல்லை. நானே கிளப்பினேன்.

மர்பி டவுன் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அக்கா தெருவில் நின்றிருந்தாள். பட்டுப்புடவை, தோளில் கைப்பை, காலில் செருப்பு, கையில் சந்தனக் கிண்ணம். சுற்றிலும் நாலைந்து பெண்கள். நான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கியதும் எதிர்வீட்டு அம்மா சொன்னார்.

"ஒம்பதரைலேர்ந்து உள்ளயே போவல உங்க அக்கா. தங்கச்சி கார் ஓட்டினு வராள்னு போற வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லினே இருக்குது."

அக்கா அவரை முறைத்தாள். "ஏன்டி இவ்ளோ நேரம்?" என்று என் மேல் பாய்ந்தாள். குரல் உடைந்திருந்தது. நான் வராமல் போய்விடுவேனோ என்று என்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருக்கிறாள். பானெட்டுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு. அதுக்கும் வைக்கறேன்."

நான் சாவியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"சாவிக்கு வேணாம்க்கா. எனக்கு வை."

அக்கா சிரிக்கவில்லை. விரலைக் கிண்ணத்தில் முக்கி என் நெற்றியில் வைத்தாள். அவளும் என்னைப் போலத்தான், கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள்.