பள்ளிவாசல் தொலைபேசியில் அரட்டை

மாலை ஐந்தரை மணி, ஒரு கணினி, பள்ளிவாசல் இமாம் நூர்தீன் ஹஜ்ரத்: 1998-இல் மலேசியாவின் கிள்ளானில் இணையம் வழி மார்க்கம் சொல்ல எங்களிடம் இருந்த படை அவ்வளவுதான். ஹஜ்ரத் சொல்வார், நான் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவேன். பையன்கள் பள்ளிவாசலுக்கு வருவதில்லை, சைபர் கஃபேயில்தான் கிடந்தார்கள். அவர்களிடம் பேச ஹஜ்ரத்துக்கு வேறு வழி இல்லை. ஆனால் பள்ளிவாசலுக்கு ஒரே தொலைபேசி இணைப்பு, இணையமும் அதில்தான். இன்னொரு தடவை 'எங்கேஜ்' சத்தம் கேட்டால் வயரைப் பிடுங்கிவிடுவதாகத் தலைவர் ஹாஜி காசிம் சொல்லியிருந்தார். மோடம் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தவர்களுக்கு எங்கள் நிலைமை புரியும்.

ஸலாம்

அரட்டை அறைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் ஸலாம் சொன்னார்கள். பதில் சொல்வது கடமை, அதுவும் தனித்தனியாக என்றார் ஹஜ்ரத். தட்டினேன். இணைப்பு அறுந்து போனவர்கள் திரும்பி வந்து மறுபடி ஸலாம் சொன்னார்கள். மறுபடி தட்டினேன். அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லும்வரை ஒரு கேள்விகூட வரவில்லை. ஹஜ்ரத் திருப்தியாக எழுந்தார்.

"பிள்ளைங்களுக்கு எவ்வளவு மரியாதை பாத்தீங்களா?"

முறுக்கு

ஷா ஆலாமில் படிக்கும் மாணவன் ஒருவன் கலங்கிப்போய் வந்தான். தீபாவளிக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பன் வீட்டுக்குப் போனாலே பாவம் என்று யாரோ கேசட்டில் பேசியிருந்தாராம். "கூப்பிட்டா போகணும்ப்பா. சாப்பிட்டுட்டு, முறுக்கு நல்லா இருந்துச்சுன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லு" என்றார் ஹஜ்ரத். திரையில் பதில் வந்தது.

"அவங்க முறுக்கு கல்லு மாதிரி லா ஹஜ்ரத். பொய் சொல்லலாமா?"

வயர்

ஒரு சனிக்கிழமை ஹாஜி காசிம் நேரிலேயே வந்துவிட்டார். "யாராச்சும் மவுத்தா போனா மையத்து செய்தி சொல்லக்கூட லைன் கிடைக்கல. இன்னையோட போதும்" என்று குனிந்து வயரைப் பிடித்தார். ஹஜ்ரத்தின் முகம் வாடிவிட்டது. அந்த நேரம் பார்த்து ரவாங்கிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "ஜும்ஆ பயான்ல தூங்கினா பாவமா?" வந்த கேள்வியை வாசிப்பது என் வேலை, உரக்க வாசித்தேன். வெள்ளிதோறும் ஹஜ்ரத்தின் சொற்பொழிவு நடக்கும்போது முதல் வரிசையில் ஹாஜியாரின் தலை தூக்கத்தில் ஆடுவதை ஜமாஅத்தே பார்த்திருக்கிறது. ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஹாஜியார் நிமிர்ந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வயர் இருக்கட்டும். மொதல்ல அந்தப் பையனுக்குப் பதில் சொல்லுங்க."

வாலிபர்களைப் பிடிக்க நாங்கள் விரித்த வலையில் முதலில் விழுந்தவருக்கு வயது அறுபத்தைந்து: 1999 ஜூனில் பள்ளிவாசலுக்கு இரண்டாவது தொலைபேசி இணைப்பு கேட்டு விண்ணப்பித்தவர் ஹாஜி காசிம்.