ஏலக்காயோடு வெந்த கலர் பிலிம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கருப்பு. மாநிறம் என்று மழுப்புவது அம்மாவின் வழக்கம். போடியில் அப்போதிருந்த ஸ்டுடியோக்களில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்து, நெகட்டிவைப் பென்சிலால் தடவித் தடவிக் கரிச்சட்டியைக்கூட வெள்ளித்தட்டாக்கிக் கொடுப்பார்கள். அப்படித் தடவிய என் படம் சில வீடுகளுக்குப் போயிருந்தது. படத்தை நம்பி வந்தவர்கள் என்னை நேரில் பார்ப்பார்கள், பஜ்ஜியைத் தின்பார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்பியதே இல்லை. பஜ்ஜிக்கு மாவு கரைத்த கை வலிதான் எனக்கு மிச்சம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பிளஸ் டூ முடித்திருந்தேன். மதுரையில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"இப்ப வந்திருக்க எடம் அமையலேன்னா போய்ப் படி. அமஞ்சிருச்சுன்னா பேச்சே கெடையாது."

வந்திருந்த இடம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குள், ஏலத்தோட்டம் வைத்திருந்த, எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து போன குடும்பம். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தாயார்தான் தோட்டத்தைக் கட்டி ஆண்டாள். அங்கே வாக்கப்பட்டுப் போன பெண்களை எனக்குத் தெரியும். காய் எடுக்கும் காலத்தில்தான் தீபாவளியும் பொங்கலும் வரும். தோட்டத்தை விட்டு இறங்க விடமாட்டார்கள். பெற்ற தாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனால்தான் ஜீப்பு கிடைக்கும்.

அந்த வீட்டார் தரகரிடம் ஒரு புது நிபந்தனை போட்டிருந்தார்கள். பெண் தோட்டத்துக்குள் நிற்க வேண்டும், படம் கலரில் இருக்க வேண்டும். ஒரே படத்தில் பெண்ணையும் பார்த்துவிடலாம், செடியின் இலையைப் பார்த்துத் தோட்டம் நோயில்லாமல் இருக்கிறதா என்றும் தெரிந்துகொள்ளலாம். கெட்டிக்காரர்கள்! அப்பாவுக்கு ஏக சந்தோஷம். குரங்கணிக்கு மேலே எங்களுக்கிருந்த தோட்டம் அந்த வருஷம் பச்சைப் பசேலென்று நின்றது. அப்பாவைவிட எனக்குச் சந்தோஷம் அதிகம். கலர் பிலிமில் பென்சில் தடவ முடியாதே. என் கருப்பு பட்டவர்த்தனமாகத் தெரியும், அவர்கள் வேண்டாம் என்பார்கள், நான் மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவேன். பிறந்ததிலிருந்து என்னைத் திட்ட மட்டுமே பயன்பட்ட நிறம், ஒரே ஒரு தடவை எனக்கு உதவப்போகிறது என்று நம்பினேன்.

படம் எடுக்க வந்தவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. போடியில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தார். அப்போதுதான் கடைக்கு வந்திருந்த புது ரகக் கலர் ரோல் ஒன்றை மதுரையிலிருந்து வாங்கி வந்திருந்தார். அட்டைப்பெட்டியைத் திறந்து திறந்து மோந்து பார்த்தார்.

"மழ மேகத்துலயும் பிளாஷ் இல்லாமலே எடுக்கலாமாம் ஆத்தா. நம்ம ஊருல மொதப் படம் ஒன்னோடதுதான்" என்றார்.

அப்பா, அம்மா, மாமா, நான். குரங்கணி வரை ஜீப்பு, அதற்குமேல் மழையில் நடை. மறுநாள் காலையில் மழை சற்று விட்டது. அம்மா என் முகத்தில் பவுடரை அப்பினாள். நான் செடி மறைவில் ஈர இலையால் அத்தனையையும் துடைத்தேன்.

"ஏண்டி அழிச்ச?"

"வேர்த்துச்சு."

"கொட்டுற குளிர்ல வேர்க்குதாக்கும் ஒனக்கு!"

மாமா என்னை ஏலச்செடிக்கு நடுவில் நிறுத்தி எடுத்தார். பிறகு மீதி ரோலையும் தீர்க்க வேண்டுமென்று, காய் பறிக்கிற பெண்கள், காவல் நாய், தன் காலில் ஏறிய அட்டை என்று எதையும் விடாமல் எடுத்தார். ரோலைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடவும், மழை மறுபடி பிடிக்கவும் சரியாக இருந்தது.

அது மழையா? மலையையே கரைத்துவிடும் போல் கொட்டியது. கீழே போகிற பாதையில் மண் சரிந்து, இறங்க வழியில்லை என்று ஆள் வந்து சொன்னார். தகரக் கூரைக்குக் கீழே புகைக்குள் நாலு பேரும் மாட்டிக்கொண்டோம். செருப்பில் பூசணம், பாயில் பூசணம், அம்மாவின் சேலை மடிப்பில்கூடப் பூசணம். அங்கே எதையாவது ஈரம் படாமல் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒரே இடம்தான். பறித்த காயைப் போட்டு உலர்த்துகிற கட்டடம், ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பில் விறகெரியும், சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே ஓடும். தீப்பெட்டி, அப்பளம், உப்பு, கல்யாணப் பட்டு, எல்லாவற்றையும் மலையில் அங்கேதான் வைப்பார்கள்.

"அந்த டப்பாவக் கொண்டா. ஸ்டோருல வச்சுருவோம், ஈரம் பட்டா போச்சு" என்றார் அப்பா.

படம் கெட்டுப்போனால் என் கருப்பு எப்படித் தெரியும்? அட்டைப்பெட்டியை எடுத்து அதிலிருந்த இங்கிலீஷைப் படித்துக் காட்டினேன். சூடில்லாத இடத்தில் வைக்கவும் என்று போட்டிருந்தது.

"அது மெட்ராஸ் வெயிலுக்குச் சொன்னது. இங்க ஏது வெயிலு? பொன்னாட்டம் காயையே அதுக்குள்ள வைக்கிறோம், இத்தினிக்காண்டு டப்பாவுக்கு என்ன கேடு வந்துருச்சு?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "சூடு ஆகாதுன்னுதான் மச்சான் சொல்றாக…" என்று இழுத்தார். அப்பா ஒரு பார்வை பார்த்தார். "சரி, மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று டப்பாவைக் கொடுத்துவிட்டார். மலையில் அப்பாவின் சோற்றைத் தின்றுகொண்டு அவரை எதிர்த்துப் பேச மாமாவுக்கு வாய் வரவில்லை.

டப்பா உள்ளே போனது, கதவைச் சாத்தினார்கள். அடுப்பு மூட்டிவிட்டால் காய் உலர்ந்து முடிகிறவரை ஸ்டோர்க் கதவை ஆள் நினைத்தபோதெல்லாம் திறக்கக் கூடாது. குளிர்காற்று பட்டால் காயின் பச்சை போய்விடும், பச்சை போனால் ஏலம் விடும்போது கேட்க நாதியிராது. சாவி அப்பாவின் இடுப்பில். நான் அந்தக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சுவரில் கை வைத்தால் சுட்டது. அடுப்புக்கு விறகு தள்ளுகிற அண்ணனிடம் போய்க் கெஞ்சினேன்.

"அண்ணே, கொஞ்சம் கம்மியாப் போடுங்களேன்."

"நல்லாச் சொன்ன தாயி! காய் நெறம் போச்சுன்னா ஒங்கப்பா என்னையில்ல தூக்கி அடுப்புல வைப்பாரு" என்று இன்னொரு கட்டையைத் தள்ளினார்.

அழுகை வந்தது. வெளியே மழை, உள்ளே அம்மா. எங்கே போய் அழுவது? புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டு அடுப்புப் பக்கமே உட்கார்ந்து அழுதேன்.

கதவு திறந்தபோது காய் கிளிப்பச்சையாக இருந்தது. டப்பாவைக் கையில் வாங்கினால் கொழுக்கட்டைச் சூடு. "பாரு, பொட்டு ஈரம் இருக்கா?" என்றார் அப்பா, பெருமையாக.

பாதை சரியாகி, நாங்கள் இறங்கி, மதுரையில் ரோலைக் கழுவி வாங்கிக்கொண்டு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். முகமே சரியில்லை. படத்தைக் கீழே வைத்தார். வானம் ரோஜா நிறத்தில் இருந்தது. ஏலச்செடி துருப்பிடித்த தகரம் மாதிரி இருந்தது. நடுவில் வெளிறிப் போய், ரோஸ் பவுடர் பூசிய பொம்மை மாதிரி ஒருத்தி நின்றாள். அது நான்.

அம்மா அந்தப் படத்துக்கு நெட்டி முறித்தாள். "ஏ ஆத்தி, எம்மக என்ன நெறம் பாரேன்!"

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அவர் கண் இலையில் இருந்தது. "பச்சையே இல்லையே மாப்ளே. சீக்கு வந்த தோட்டமாட்டம்ல தெரியுது. இத எப்படி அனுப்புறது?"

அனுப்பாதீர்கள் அப்பா, அனுப்பாதீர்கள் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அந்த ரகத்தில் இன்னொரு ரோல் இப்போதைக்குக் கிடைக்காது என்றார் மாமா. சாயந்திரமே அம்மா தரகரைக் கூப்பிட்டுப் படத்தைக் கொடுத்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது.

பாழாய்ப்போன மனசு அப்போதும் விடவில்லை. படம்தான் ஏமாற்றியது, நேரில் பார்ப்பார்களே! பவுடரைக் கழுவினேன். அம்மா சுவர் ஓரம் நிழலில் உட்காரச் சொன்னதைக் கேட்காமல், வாசல் வெளிச்சம் முகத்தில் அடிக்கிற இடமாகப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் தாயார் கையில் படத்தை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகம் செத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

"படத்துல பாத்துட்டு எனக்குத் தூக்கமே இல்ல மதினி" என்றாள் அந்த அம்மா. "எலை நெறத்தப் பத்திக்கூட விசாரிச்சுட்டோம், தோட்டத்துல கொறையில்ல. இவதான் இம்புட்டு வெளுப்பா, நோஞ்சானாட்டம் இருக்காளே, நம்ம மலைக்குத் தாங்குவாளான்னு. வேணாம்னு சொல்லிட்டுப் போவோம்னுதான் கெளம்பி வந்தேன். நேர்ல பாத்த பெறகுதான் மனசு ஆறுச்சு. இதுல்ல ஒழைக்கிற ஒடம்பு!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பா, "வெரசா தாம்பூலத் தட்டை எடுத்துட்டு வா" என்று அவளை விரட்டினார். கத்த வேண்டும்போல் இருந்தது. இதற்குள் அந்த அம்மாள் எழுந்து வந்து என் பின்னால் நின்று, பையிலிருந்து மல்லிகைப் பூவை எடுத்து என் தலையில் வைத்து ஊசி குத்தினாள். செடி பிடுங்கிப் பழகிய கை. அவள் பூ வைத்து முடிக்கிறவரை என்னால் தலையைத் திருப்ப முடியவில்லை.