கொட்டகையில் நிறுத்திய டிரக்

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனைத் தண்டிக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, தண்டியுங்கள். ஆனால் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்: அவன் மனைவி என்ன குற்றம் செய்தாள்?

டுவெயின் ஸ்டென்சல் தன் குற்றத்தை ஒருநாளும் மறுத்ததில்லை. அமெரிக்காவில், வடக்கு விஸ்கான்சினில் பால்பண்ணைகளுக்கு நடுவே அவன் வீடு. பாலாடைக்கட்டி ஆலையில் முப்பத்தொரு வருட வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, ஊரே கூடும் மீன் வறுவல் விருந்தில் நாலு கிளாஸ் பிராந்தி உள்ளே போயிற்று. திரும்பும்போது டிரக்கோடு பள்ளத்தில் இறங்கினான். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் நீதிபதி கேட்காமலே, "அந்த வளைவுல ஒரு பிள்ளை சைக்கிள்ல வந்திருந்தா என்னாகியிருக்கும்னு நினைச்சா தூக்கம் வரலைங்க" என்றான். அன்றோடு குடியை விட்டான்.

லைசென்ஸ் போனது. சில வாரம் கழித்துக் கட்டுப்பாடுகளோடு ஒரு லைசென்ஸ் கொடுத்தார்கள். வேலைக்கும் மருத்துவத்துக்கும் மட்டும்தான் ஓட்டலாம். எந்த நாள், எந்த நேரம் என்று அதில் எழுதியிருக்கும். செவ்வாய், வியாழன், சனி, காலை ஐந்து முதல் பகல் ஒன்று வரை என்ற வரிக்காகத்தான் டுவெயின் கெஞ்சினான். மனைவி மார்லிஸுக்கு டயாலிசிஸ் நடக்கும் நாட்கள் அவை. சர்க்கரை நோய் அவள் சிறுநீரகத்தை முடித்துவிட்டுப் பார்வையிலும் பாதியைக் கொண்டுபோயிருந்தது. டயாலிசிஸ் மையம் நாற்பத்தைந்து மைல் தள்ளி இருந்தது. அந்தச் சாலையில் பதினோரு மதுக்கடைகள் உண்டு. ஒவ்வொன்றின் வாசலிலும் முப்பது கார் நிற்க இடமும் உண்டு. பஸ் ஒன்றுகூடக் கிடையாது. இப்படி ஒரு ஊரை அமைத்தது யார் என்று எந்த நீதிமன்றமும் விசாரித்ததில்லை.

மார்லிஸின் காரில் ஊதுகருவி பொருத்தினார்கள். ஊதி, மூச்சில் மது இல்லையென்று பச்சை விளக்கு எரிந்தால்தான் கார் கிளம்பும்.

"நம்ம கல்யாணத்துல போல்கா ஆட்டத்துக்கு ட்ரம்பெட் வாசிச்சவன்கூட இவ்வளவு மூச்சுப் பிடிச்சு ஊதலை" என்பாள் மார்லிஸ்.

"சிரிக்க வைக்காதே. அப்புறம் மறுபடியும் மொதல்லேருந்து ஊதணும்."

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. டுவெயின் பேரில் இன்சூரன்ஸ் விடாமல் நடக்கிறது என்று இன்சூரன்ஸ் நிறுவனம் அரசுக்குச் சான்று தர வேண்டும். கார் மார்லிஸ் பேரில் இருந்ததால், அந்தச் சான்று டுவெயினின் டிரக் இன்சூரன்ஸோடு சேர்ந்திருந்தது.

நவம்பரில் பனி விழுந்தது. பனியில் வழுக்கும் வண்டிகளை அந்தப் பக்கத்தில் எல்லாரும் கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள். பேட்டரியைக் கழற்றுவார்கள், எலிக்குப் பயந்து அந்துருண்டை போடுவார்கள், பிறகு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுவார்கள். ஓடாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ்? முப்பது வருடமாகச் செய்ததையே டுவெயின் அந்த வருடமும் செய்தான். பக்கத்துப் பண்ணை கர்ட் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தான்.

"தூங்கட்டும் பாவம். உன்கிட்ட மாட்டிக்கிட்டு அது பட்ட பாடு போதும்."

"போய் உன் மாட்டைப் பாருடா."

போனை எடுத்த பெண்ணிடம், "டிரக் இன்சூரன்ஸை வசந்தம் வரைக்கும் நிறுத்தி வைங்கம்மா" என்றான். "ஆச்சு சார், பனியில பாத்துப் போங்க" என்றாள் அவள். சான்றும் அதோடு போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்ததோ என்னவோ. கணினிக்குத் தெரிந்திருந்தது, அது அரசுக்குச் சொல்லிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியலில் டுவெயின் ஊதினான். பச்சை எரிந்தது. இருபது மைல் போயிருப்பார்கள், பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது. பின்விளக்கைப் பனி மூடியிருந்ததாம். வந்தவன் ட்ராய். சின்ன வயதில் டுவெயினிடம் பந்தடிக்கக் கற்றவன்.

"டுவெயின், உங்க லைசென்ஸ் ரத்தாயிருக்கு."

"தப்பாப் பாக்கறே. இந்தா, செவ்வாய், அஞ்சு மணி. நல்லாப் படி."

"படிச்சேங்க. இன்சூரன்ஸ் சான்று இல்லைன்னு மெஷின் சொல்லுது."

"நான் குடிக்கலைன்னும் ஒரு மெஷின் சொல்லுதே! அதை ஏன்டா யாரும் கேக்க மாட்டேங்கறீங்க?"

ட்ராய் நோட்டை வெளியே எடுத்தான். வழக்கு எழுதினான். பிறகு மார்லிஸைத் தன் போலீஸ் காரில் ஏற்றி மையத்தில் கொண்டுபோய் விட்டான். வேறென்ன செய்வான்? லைசென்ஸ் ரத்தான செய்தியோடு அரசின் கடிதம் மறுநாள்தான் வந்தது.

சான்றை மறுபடி வாங்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது. ஆனால் புது வழக்கு முடியும்வரை லைசென்ஸ் கிடையாது என்றுவிட்டார்கள். விசாரணையை மார்ச் மாதத்துக்குத் தள்ளினார்கள். கர்ட் ஐந்து முறை அழைத்துப் போனான். அப்புறம் பசுக்கள் கன்று போடத் தொடங்கின. நோயாளிகளுக்கான வேனுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்; பனிப்புயலில் அதுவும் வராது. மார்லிஸுக்கு அடுத்தடுத்து இரண்டு டயாலிசிஸ் தவறியது. நுரையீரலில் நீர் கோத்து ஆம்புலன்ஸில் போனாள். அதன்பின் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. மையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பார்க்க வந்த போதகர், இதெல்லாம் ஆண்டவனின் சோதனை என்றார்.

"அவர் எந்த ஆபீஸ்ல வேலை பாக்கறார்?" என்றாள் மார்லிஸ். "நம்பர் இருந்தா குடுங்க. என் புருஷனுக்கு ஒரு பேப்பர் வேணும்."

டுவெயின் தினமும் போனில் பேசுகிறான். "எப்ப வர்றே?" என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் விடியலுக்கு முன்பே அவனுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கோட்டை மாட்டிக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்து ஊதுகிறான். பச்சை எரிகிறது. அது அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறான்.

உங்கள் தெருவிலும் வண்டி ஓட்ட முடியாத ஒருவர் இருப்பார். அவர் செய்த தப்பை அப்புறம் விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு ஒரு பஸ் கேட்டு இன்றே எழுதுங்கள். அது வரும்வரை, உங்கள் காரில் ஒரு இடம் காலியாக இருந்தால், அவர் கதவைத் தட்டி எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள்.