செபமாலை அண்ணை பாதி வெட்டிய செடி

செய்தி தொலைபேசியில் வந்தது. "செபமாலை அண்ணை போயிட்டார்" என்றது குரல். "எங்கை போயிட்டார்?" என்று கேட்டேன். பேசியது பிலிப்பு. பலெர்மோவில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வருகிற உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். சாவுச் செய்தியை முதல் ஆளாகச் சொல்வதில் அவருக்கு ஓர் அவசரம். அந்த அவசரத்தில், உயிரோடிருந்த ஒருவருக்கே ஆன்ம இளைப்பாற்றிப் பூசை கேட்டு வைத்தவர். ஆகவே நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். தாதி பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். "சி, சின்யோரா" என்றாள், ஆமாம் அம்மா என்று. அதற்குப் பிறகுதான் அழுதேன். செபமாலை அண்ணையாக இருந்தால் இன்னொரு தாதியையும் கேட்டிருப்பார்.

அவர் சந்தேகப் பிராணி. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அவரை அறிந்தவர்களுக்கு அவரை இந்தச் சொல் இல்லாமல் நினைக்கவே முடியாது. வியா மக்வேதாத் தெருவில் நேரம் கேட்டால் இரண்டு பேரிடம் கேட்பார். இருவரும் ஒரே நேரத்தைச் சொன்னால், "ரெண்டு பேரும் கதைச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்பார். பல்லரோச் சந்தையில் மீன்காரன் மீனுக்குத் தண்ணீர் தெளித்தால் அந்தப் பக்கமே போகமாட்டார். "தெளிக்கிறான் எண்டா எதையோ மறைக்கிறான், தங்கச்சி." அவர் மன்னார் ஆள், மீனைப் பற்றி அவரோடு வாதாட முடியாது.

அந்தக் குணம் சும்மா வந்ததல்ல. ஊரிலிருந்து கூட்டிவந்த ஏஜென்ட், இதுதான் இத்தாலி, இறங்கு என்று சொல்லி, பனி கொட்டிய வேறொரு நாட்டில் அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டான். அங்கே நாள் முழுக்க இத்தாலி இத்தாலி என்று விசாரித்துத் திரிந்தாராம். அதனால்தான் மனைவி பிலோ அக்காவை எந்த ஏஜென்டின் கையிலும் கொடுக்கமாட்டேன் என்று இருந்தார். வந்தால் முறையான கடதாசியோடு வரவேண்டும். அந்தக் கடதாசி முழுக்க, நாங்கள் வேலை செய்த வீட்டு எசமானி, எங்கள் சின்யோராவின் கையில் இருந்தது.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் நான் உள்வேலை, அவர் தோட்டம். சின்யோரா கணவனை இழந்தவர், வடக்கே மலைப்பக்கத்துப் பெண். இந்த ஊரில் வெயில் என்ற ஒரே காலந்தான் இருக்கிறது என்று குறைப்படுவார். செபமாலை அண்ணைக்கு மொட்டைமாடியில் இரண்டு அறை தருவதாகவும், பிலோ அக்காவின் கடதாசிக்காக, வெளிநாட்டாரின் அலுவல் பார்க்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவுக்குத் தானே வந்து பொறுப்பு நிற்பதாகவும் சொல்லியிருந்தார். பெரிய இடத்து வாக்கு என்று எங்களுக்குச் சந்தோசம். அவருக்கு அதுவும் சந்தேகம். "ஏன் இவ்வளவு நல்லாக் கதைக்கிறா?"

ஒரு வசந்தத்தில் சின்யோரா தொட்டியில் ஒரு செடி வாங்கிவந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற மாதிரி, வடக்குச் சுவரின் நிழலில், தண்ணீர்த் தொட்டியோடு ஒட்டிய ஈரத்தில் நடச் சொன்னார். சங்குயினெல்லா என்று பெயர் சொன்னார். நாலு காலமும் பார்க்க ஏதாவது தருமாம். செபமாலை அண்ணை "சி, சி" என்று தலையாட்டினார்.

இங்கேதான் வினை. பல்லரோவில் குளிர்காலத்தில் குவித்து விற்பார்களே, உள்ளே இரத்தச் சிவப்பாக ஓர் ஆரஞ்சு, நம்முடைய தோடம்பழம், அதன் பெயர் சங்குயினெல்லோ. இத்தாலியச் சொல்லின் கடைசி எழுத்தை நம்மில் யார் கவனித்திருக்கிறோம்? ஆவா, ஓவா என்று பார்க்காமல் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிற கூட்டம் நாம். செபமாலை அண்ணையின் நினைப்பில் அவர் நட்டது தோடை. சின்யோராவுக்காக ஒரு சிவப்புத் தோடை. அது காய்க்கிற அன்று குவெஸ்தூராவுக்குப் போகக் கேட்கலாம் என்று தன் மனத்துக்குள் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டார்.

முதலில் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். "மணமில்லாத தோடை இலை எங்கையாவது கண்டனீரோ?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அடுப்பில் வேலை; காணவில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். பிறகு வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக வந்தன. மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மிளகு போலக் கறுப்பாகக் காய்கள் வந்தன. அன்று அவர் தீர்மானித்துவிட்டார்: யாரோ செடியை மாற்றிவிட்டார்கள். வாசலில் காவல் இருந்த சல்வோ ஒரு தோடை வளர்த்தான். அதுதான் நம்முடையது என்றார். போகும்போதும் வரும்போதும் சல்வோவின் தோடையை முறைத்துப் பார்ப்பார். சல்வோ பாவம், இந்த மனிதருக்குத் தோடம்பழம் பிடிக்கும் என்று நினைத்து இரண்டு பழம் பறித்துக் கொடுத்தான். "கண்டீரோ, குற்ற உணர்ச்சி" என்றார். பழத்தைச் சாப்பிடவும் இல்லை.

சின்யோராவிடம் சொல்ல விடமாட்டார். செடியை இவரே விற்றுவிட்டார் என்று அவர் நினைத்தால் பிலோவின் வருகை அதோடு போச்சு என்ற பயம். இலையெல்லாம் சிவந்து உதிர்ந்து, சிவப்புத் தடிகள் மட்டும் நின்றபோது, செத்தும் போய்விட்டது என்று சோறு தின்னாமல் இருந்தார். வசந்தத்தில் துளிர்த்தது. அதையும் அவர் நம்பவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் தடிகளின் சிவப்பு மங்கி, அடியெல்லாம் மண்ணிறமாகிவிட்டது.

அந்தக் குளிர் முடிகிற நேரம் சின்யோரா பெரிய கத்தரிக்கோலோடு தோட்டத்துக்கு இறங்கினார். "தால்யா. தூத்தோ" என்றார். வெட்டு, முழுவதையும். தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் விடச் சொல்லிக் கையால் காட்டினார். செபமாலை அண்ணை செடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வாரும். வெட்டச் சொல்லிப்போட்டு, பிறகு நான்தான் வெட்டினன் எண்டு வேலையாலை நிப்பாட்டப் போறா. ஏன் வெட்டுறது எண்டு கேளும்."

கேட்டேன். கிழத்தடிகள் நிறம் இழந்துவிடும், அடியோடு வெட்டினால் புதுத்தடிகள் இரத்தச் சிவப்பாக வரும், ஊரில் தன் தகப்பன் அப்படித்தான் செய்வார் என்றார் சின்யோரா.

"அப்ப தோடம்பழம் எப்ப காய்க்கும் எண்டு கேளும்."

அதையும் கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது, மனிதர் சங்குயினெல்லாவைச் சங்குயினெல்லோ என்று கேட்டிருக்கிறார். வாய் விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று, சல்வோ உட்பட. சின்யோரா சிரிக்கவில்லை. "என் வீட்டில் களவு என்று நினைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையா? என்னையே நம்பாத ஒருவனுக்காக நான் எப்படி குவெஸ்தூராவில் போய் நின்று, இவனை நம்புங்கள் என்று சொல்வது?" என்றார்.

மொழிபெயர்க்க நிற்கிறவர்கள் இந்த மாதிரி நேரத்தில் கொஞ்சம் சீனி போடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். செபமாலை அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. கத்தரிக்கோலை வாங்கி, கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஓம் என்று சொல்லி முழுவதையும் வெட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"பாதி வெட்டுறன் எண்டு சொல்லும்" என்றார். "பாதி அவவை நம்பி வெட்டுறன். மற்றப் பாதிக்கு எனக்கு இன்னும் மனம் வரேல்லை எண்டு சொல்லும். அப்பிடியே சொல்லும், தங்கச்சி. மாத்தாதையும்."

எனக்குக் கோபம் வந்தது. மன்னாரில் ஒரு பெண் காத்திருக்கிறாள், இவர் செடிக்குப் பேரம் பேசுகிறார். ஆனாலும் அப்படியே சொன்னேன். சின்யோரா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "மெத்தா" என்றார் கடைசியில். பாதி. அவர் வெட்டி முடிக்கும் வரைக்கும் குளிரில் நின்றார்.

குவெஸ்தூராவுக்கும் வந்தார். அங்கே அதிகாரியிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "இந்த மனிதன் எனக்காகப் பொய்யாகத் தலையாட்ட மாட்டான்."

அடுத்த குளிர்காலத்தில் வெட்டிய பாதி, ஜன்னலில் பார்த்தால் கண்ணைப் பறிக்கிற சிவப்பு. வெட்டாத பாதி மண்ணிறமாக நின்றது. ஆனால் பூத்ததும் காய்த்ததும் அதுதான். காயைத் தின்னக் குருவிகளும் வந்தன. முழுவதையும் வெட்டியிருந்தால் அந்த ஆண்டு பூவும் இல்லை, காயும் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் கிழத்தடியில் பாதியை மட்டும் வெட்டு, இப்படியே இருக்கட்டும் என்றார் சின்யோரா. அவர் கேட்ட நாலு காலமும் அதில் இருந்தது. "செடி சரி" என்று செபமாலை அண்ணையும் ஒத்துக்கொண்டார். "ஆனா அந்தச் சல்வோ ஏதோ ஒண்டு எடுத்தவன்."

பிலோ அக்கா வந்த அன்று விமான நிலையத்துக்கு நானும் போனேன். இத்தனை ஆண்டு காணாத மனைவி முன்னால் வந்து நிற்கிறார். இவர் பெட்டியைக் கூட வாங்காமல், வந்திருப்பது அவர்தானா என்று சோதிக்க, "பெரியக்கான்ரை கலியாணத்தண்டு மழை பெய்ததோ?" என்று கேட்கிறார். "அண்டைக்கு நீங்கள் வரவேயில்லையே" என்றார் பிலோ அக்கா. அதற்குப் பிறகுதான் பெட்டியை வாங்கினார். மற்றக் கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர்கள் மொட்டைமாடியில் சேர்ந்திருந்த காலம் நீண்டதல்ல. நோய் வந்தபோது அவர் டாக்டர்களையும் நம்பவில்லை. "சிரிச்சுக்கொண்டு வாறாங்கள். நல்ல சங்கதி எண்டா ஏன் சிரிக்கிறாங்கள்?" என்பார். பெரிய டாக்டர் வந்து பேசிவிட்டுப் போன மாலையில், அவருக்கே ஓரளவு இத்தாலியன் விளங்கும் என்றாலும், நான் வந்து சொல்லட்டும் என்று படுத்திருந்தாராம். நான் தாழ்வாரத்தில் டாக்டரை மறித்துக் கேட்டேன். விளங்காதவள் மாதிரித் திரும்பவும் கேட்டேன். பிறகு உள்ளே போனேன்.

"என்னவாம்?"

பிலோ அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். சொல்லாதே என்ற பிடி.

"இனி மருந்தாலை ஏலாதாம், அண்ணை. நோவு தெரியாமல் வைச்சிருப்பினமாம்."

வேறு டாக்டரைக் கேள், அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று கேள், என்று இனித் தொடங்குவார் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"நீர் சொன்னா சரி, தங்கச்சி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு வார்த்தைதான். பலெர்மோவில் ஒருவரையும் முழுதாக நம்பாத மனிதர் என்னை முழுதாக நம்பினார். அந்த ஒரு தடவையாவது அவர் நம்பாமல் இருந்திருக்கலாம்.