நாய் குரைக்காத பேய்

விமலேஸ்வரிக்குப் பேய் என்றால் உயிர். தைரியமான மனுசி என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கந்தபுரத்தில் அவளைப்போலப் பயந்தாங்கொள்ளி இன்னொருத்தி கிடையாது. பல்லி சொன்னால் வைத்த காலைப் பின்னால் எடுப்பாள், வெறுங்குடம் எதிரே வந்தால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவாள். ஆனாலும் நாளுக்கு ஒருதரமாவது நன்றாகப் பயந்து நடுங்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. அப்படி ஒரு பிறவி.

கிளிநொச்சியில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு இரவு இடியப்பம் அவள் வீட்டிலிருந்துதான் போகிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாவைக் குழைத்து, இடியப்ப உரலை நிரப்பி, தட்டுத் தட்டாகப் பிழிய உட்கார்ந்துவிடுவாள். கைக்கு ஓயாத வேலை, காது மட்டும் சும்மா. அந்தச் சும்மா இருக்கிற காதுக்காகத்தான் மாச்சுளகுக்குப் பக்கத்தில் எப்போதும் போன் கிடக்கும். யாழ்ப்பாணத்துப் பொடியள் சிலர் சேர்ந்து ‘கதவைத் தட்டாதீங்கோ’ என்று ஒரு பேய் நாடகம் செய்கிறார்கள். கேட்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்ப, இவர்கள் அதைக் குரல் கொடுத்து, கதவு கிறீச்சிட, காற்று ஊளையிட, நடித்துப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் வரும். விமலேஸ்வரியும் தவறாமல் கேட்பாள்.

தொலைக்காட்சி நாடகம் அவளுக்குச் சரிவராது. அதில் அழுகிறவள் வருசக்கணக்காக அழுவாள், கண்ணை அங்கே வைத்தால் இடியப்பம் தட்டுக்கு வெளியே போகும். பேய் வந்தாலும் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்து நிற்கும், பார்த்தவுடன் பயம் போய்விடும். காதால் கேட்கிற பேய்க்கு முகத்தை நாங்கள்தான் செய்ய வேண்டும். எங்களுக்குத் தெரிந்த மாதிரி எங்களைப் பயமுறுத்த வேறு யாருக்குத் தெரியும்?

சின்ன வயதிலேயே தொற்றிய பழக்கம் அது. கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயரைக் கொழுவி, அண்ணன் பெடலைச் சுற்றச் சுற்ற வானொலி நாடகம் கேட்டவள். பயம் தாங்காவிட்டால் “நிப்பாட்டண்ணா!” என்று கத்துவாள். பெடல் நிற்கும், பேயின் குரலும் இழுபட்டுச் செத்துப்போகும். நிற்கச் சொன்னால் நிற்கிற பயம். பிறகு அவளுடைய வாழ்க்கையில் வந்த பயங்களுக்குப் பெடல் இருக்கவில்லை.

இப்போது அவளுக்கு ஒரேயொரு ஆசை. வவுனியா நெளுக்குளத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் பிரஷாந்தினிக்கு ஏழு மாதம். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வரவேண்டும். ஆனால் அவள் பிடி கொடுக்கிறாளில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. காலைப் பஸ்ஸில் வருவாள், பொழுதுபடுவதற்குள் போய்விடுவாள். கேட்டால், “இஞ்ச ஆசுப்பத்திரி கிட்ட அம்மா, பாப்பம்” என்பாள். மருமகன்தான் விடுகிறானில்லை என்று விமலேஸ்வரி அந்த அப்பாவியை மனதுக்குள் எத்தனையோ தடவை திட்டித் தீர்த்துவிட்டாள்.

அப்படியிருக்கத்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

“வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய அனுபவம்,” என்று ஆரம்பித்தது அந்தத் தடித்த குரல். “வன்னியில் ஒரு சின்னக் கல்வீடு. அந்த வீட்டுக் குசினிக் கதவுக்குக் கொண்டி இல்லை. பழைய சைக்கிள் செயினைச் சுற்றி ஆணியில் கொழுவியிருப்பார்கள்.”

பிழிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. விமலேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். புருசன் தங்கராசா வீடு குடிபுகுந்த அன்று ‘நாளைக்குக் கொண்டி வாங்கிறன்’ என்று கொழுவிவிட்ட சைக்கிள் செயின், இத்தனை வருசம் கழித்தும், அடுப்புக்கு அந்தப் பக்கம், அவளுடைய குசினிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஊர் அடங்கின பிறகு அந்தச் செயின் மெல்லக் கழலும். பிறகு வெறுங்கால் நடக்கிற சத்தம். வாசலில் நாய் படுத்திருக்கும். காற்றடித்தாலே குரைக்கிற நாய். ஆனால் அதைக் கண்டால் மட்டும் குரைக்காது. அது நேராக என்ரை அறைக்குள் வரும். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒண்டும் பேசாது. பிறகு, மெல்லக் குனியும்...” ஒரு பெண்பிள்ளையின் மூச்சு திணறும் சத்தம். “மிச்சம் அடுத்த வெள்ளி!”

நாசமாய்ப் போவார்! அடுத்த வெள்ளியாம்! அன்றைக்குக் கடைகளுக்குப் போன இடியப்பம் பாதி கட்டி, பாதி கூழ். விமலேஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அனுப்பினது பிரஷாந்தினிதான், சந்தேகமேயில்லை. பிள்ளை சின்ன வயதில் இந்த வீட்டில் எதையோ கண்டு பயந்திருக்கிறாள். தாயிடம்கூடச் சொல்லவில்லை. அதுதான் இரவில் தங்குகிறாளில்லை. ஐயோ, இந்த வீட்டுக்கா பச்சைக் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லி நின்றேன்!

வயலால் வந்த தங்கராசாவிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எத்தினை நாளாச் சொல்லுறன், உந்தக் கோதாரி நாடகத்தைக் கேக்காதையும் எண்டு. பேய்க்கென்ன, கொண்டி வாங்காத வீடு பாத்துத்தான் வருமே?”

“பகிடி விடாதேங்கோ. நானும் எத்தினை இரவு எழும்பி வீடு வளவெல்லாம் சுத்திப் பாத்து வந்திருக்கிறன். ஒரு நாளும் என்ரை கண்ணில அது படேல்லையே!”

“உம்மைக் கண்டு அது பயந்து ஒளிச்சிருக்கும்.”

சிரிக்கிறாராம் மனுசன். ஆனாலும் அன்று இரவு முற்றத்துக்குப் போகும்போது டோர்ச்சை எடுத்துக்கொண்டுதான் போனார் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

அந்தக் கிழமை முழுவதும் விமலேஸ்வரிக்கு இருந்த பயம் விளையாட்டுப் பயமல்ல. போனை நிறுத்தினாலும் நிற்காத பயம். செயின் கிலுங்கினால் பிழிவதை விட்டுவிட்டுக் கதவையே பார்த்தாள். மகளுக்குப் போன் எடுத்தாள், கேட்க வாய் வரவில்லை. பேசாமல் வைரவர் கோயில் மூக்கனிடம் போய் நின்றாள். பேய் பிசாசு கழிப்பதில் மூக்கனுக்கு அந்தப் பக்கமெல்லாம் பேர். தேசிக்காயும் கற்பூரமும் வேப்பிலையுமாக வந்தவர், குசினி வாசலில் சம்மணம் கொட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் விசாரித்தார்.

“நாய் குரைக்கிறேல்லையோ?”

“இல்லையாம்.”

மூக்கன் தேசிக்காயைக் கீழே வைத்தார். “பிள்ளை, வெளியால வாறதெண்டால் நாய் விடாது, ஊளையிட்டே ஊரை எழுப்பிப்போடும். நாய் பேசாமல் கிடக்கெண்டால், இது வெளியாள் இல்லை. உங்கட ஆள்தான். உங்களில ஆரோ.”

அவர்களில் யாரோ என்றால் ஒருவன்தான். சின்னவன். சண்டையின் கடைசி மாதங்களில், கடற்கரைப் பக்கத்துப் பதுங்குகுழி ஒன்றுக்குள், மூன்று வயதுப் பிள்ளை விமலேஸ்வரியின் மடியில் கிடந்தான். நித்திரை என்று நினைத்து, “சத்தம் போடாதை, தம்பி எழும்பப் போறான்” என்று மூத்தவளை அதட்டிக்கொண்டே இருந்தாள். விடிந்து வெளிச்சம் வந்தபிறகுதான் தெரிந்தது. அதற்குமேல் அவளும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, ஊரும் கேட்பதில்லை.

“கழிக்கட்டே?” என்றார் மூக்கன்.

“வேண்டாம்!” என்று பாய்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம் அண்ணை. எடுத்துக்கொண்டு போங்கோ எல்லாத்தையும்.”

பேயாக என்றாலும் வந்தானே என்றிருந்தது. அவனோ என்று பயம், அவனாக இல்லாமல் போனால் என்று அதைவிடப் பயம். பெற்ற பிள்ளைக்கே பயப்படுகிறேனே என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். பாவம், இரண்டு நாள் சோறு தண்ணி இறங்கவில்லை அவளுக்கு.

அடுத்த வெள்ளி வந்தது. மாவைக் குழைத்து வைத்துவிட்டு, பிழியாமல், போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாடகம் தொடங்கியது. செயின் கிலுங்கியது. வெறுங்கால் நடந்து வந்தது. இந்தமுறை அந்தப் பெண்பிள்ளையே கதை சொன்னாள்.

“அது குனிஞ்சு, என்ரை மூக்குக்குக் கீழ விரலை வைக்கும். ஈர விரல். அரிசிமா மணக்கும். எனக்கு விறைச்சுப்போடும். பயத்தில மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பன். மூச்சை அடக்கினால் அந்த விரல் நடுங்கத் தொடங்கும். என்ரை நெஞ்சில காதை வைக்கும். தோளில பிடிச்சு உலுக்கும். ஒரு சொல்லுப் பேசாது. அப்பதான் நான் ஒண்டு கண்டுபிடிச்சன். செயின் சத்தம் கேட்ட உடனயே, பெரிசாப் புஸ் புஸ்ஸெண்டு மூச்சு விடத் தொடங்குவன். மூச்சுக் கேட்டால் அது போயிடும்.”

விமலேஸ்வரி தன் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் அரிசிமா.

எத்தனை வருசம்! வளவைச் சுற்றிப் பார்த்து, குசினிப் பக்கத்தால் உள்ளே வந்து, மகளின் மூச்சு வருகிறதா என்று பார்க்காமல் அவள் ஓர் இரவும் படுத்ததில்லை. சாமி கும்பிடுகிற மாதிரி அது. யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை. அதுவும் போதாதென்று அயல் முழுக்கப் பெருமை வேறு அடித்திருக்கிறாள். “எங்கட பிள்ளை படுத்தால் அடிச்சுப்போட்ட மாதிரித்தான் நித்திரை. மூச்சு அறை வாசலில கேக்கும்.” நித்திரையாம் நித்திரை! பிள்ளை கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டு, தாய் போகட்டும் என்று காத்துக் கிடந்திருக்கிறாள்.

சின்னவன் வரவில்லை. வந்ததெல்லாம் அவள்தான். அந்த இரண்டும் சேர்ந்து அடித்த அடியில், வாய்விட்டு, குரலெடுத்து அழுதாள். அழுது முடித்து, கை கழுவாமலே மகளுக்குப் போன் எடுத்தாள்.

“பிள்ளை...”

“கேட்டனீங்களோ அம்மா?” என்றாள் பிரஷாந்தினி.

“ஏன் பிள்ளை எனக்கு நேர சொல்லேல்ல?”

“தம்பியின்ரை கதையைத் தொட்டாலே எழும்பிப் போயிடுவீங்கள். எப்பிடிச் சொல்லுறது? பேயெண்டு சொன்னால்தான் நீங்கள் கடைசி மட்டும் இருந்து கேப்பீங்கள்.”

உண்மைதானே.

“நான்தான் எண்டு உனக்குத் தெரியுமே?”

“கொஞ்சம் வளர்ந்த உடனயே தெரியும். தெரிஞ்சாப் பயம் போகுமே அம்மா? ஒரு நாள் எண்டாலும் வாய் திறந்திருப்பீங்களே?”

“கதைச்சால் எழும்பிப்போடுவாய் எண்டு...”

“நான் முழிச்சுத்தான் கிடந்தனான்.”

விமலேஸ்வரி மூக்கை உறிஞ்சினாள். கேட்பதற்கு அவளுக்கு இருந்தது ஒன்றே ஒன்று, அதையும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று பட்டது.

“நீ அங்கயே பெத்துக்கொள்ளு பிள்ளை. இஞ்ச வரவேண்டாம். என்ரை கையை எனக்கே நம்பேலாது. பச்சைப்பிள்ளை எண்டால் நான் சும்மா இருக்கமாட்டன், எனக்குத் தெரியும்.”

“நான் வரப்போறன்,” என்றாள் மகள். “அதுக்குத்தானே எழுதி அனுப்பினனான். இப்ப எனக்கும் அந்த விசர் பிடிச்சிட்டுது அம்மா. வயித்துக்குள்ள துடிப்புக் கொஞ்சம் பிந்தினால், கையை வைச்சுக்கொண்டு விடிய விடியக் குந்தியிருக்கிறன். இவருக்குச் சொன்னால் விளங்காது. உங்களுக்குத்தான் விளங்கும். ஆனா ஒண்டு. வந்து பாக்கிறதெண்டால் பாருங்கோ. களவாய் வரவேண்டாம். ‘அம்மா வந்திருக்கிறன்’ எண்டு சொல்லிப்போட்டுக் கையை வையுங்கோ.”

“ஓம்,” என்றாள் விமலேஸ்வரி. “ஓம் பிள்ளை. சொல்லுறன்.”

போனை வைத்துவிட்டு உரலைக் கையில் எடுத்தாள். முதல் தட்டைப் பிழியத் தொடங்கியபோதுதான், சொல்ல வருமா என்று பயம் பிடித்தது. இத்தனை வருசம் வாயைக் கட்டி நின்ற இடத்தில் வாய் திறக்க வேண்டும். சொல்லிப் பார்த்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொருதரம் சொன்னாள்.

“அம்மா வந்திருக்கிறன்.”

முற்றத்தில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த தங்கராசாவுக்கு அது கேட்டுவிட்டது.

“ஆரப்பா அங்க? ஆர் வந்திருக்கினம்?”

“ஒருத்தரும் வரேல்லை,” என்றாள் விமலேஸ்வரி. “நான்தான்.”